மாற்று இறைச்சியா, டின் காய்கறியா: எதில் என்ன இருக்கிறது?

டின்னில் அடைத்த பலாப்பிஞ்சு என்று ஒரு பொருள் உண்டு. உப்புத் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும். வேகவைத்து விரலால் பிய்த்தால் கோழிக்கறி மாதிரி நார் நாராகப் பிரியும். அதனாலேயே மாற்று இறைச்சி என்று பெயர் போட்டு விற்கிறார்கள். முதல் தடவை அதைச் சமைத்த அன்று, இன்றைய புரதத்துக்குக் குறையில்லை என்று நினைத்துக்கொண்டுதான் சாப்பிட்டேன். காலி டின்னைத் தூக்கிப் போடும்போதுதான் லேபிள் கண்ணில் பட்டது. 100 கிராமுக்குப் புரதம் 2 கிராம்கூட இல்லை. தோற்றத்தில் கறி, சத்தில் காய்கறி.

இந்த இரண்டு வகைகளையும் ஒப்பிட உட்கார்ந்ததற்கு அந்த டின்தான் காரணம். சமைக்க நேரமில்லாதவர்கள், இறைச்சியைக் குறைக்க நினைப்பவர்கள், அலமாரியில் நாள்பட இருக்கும் பொருளைத் தேடுபவர்கள் எல்லோரும் இந்த இரண்டின் முன்னால்தான் வந்து நிற்கிறார்கள். 'எது ஆரோக்கியம்?' என்பதுதான் வழக்கமான கேள்வி. என்னைக் கேட்டால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: இன்றைக்கு என் தட்டில் எது குறைகிறது? பதில் அதைப் பொறுத்து முழுசாக மாறிவிடும்.

முதலில் ஒரு கணக்கு விஷயம். இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த லேபிளைப் படித்தாலும் ஏமாந்துதான் போவோம். மீல்மேக்கர் என்று நாம் சொல்லும் சோயா உருண்டைப் பாக்கெட்டில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 50 கிராம் புரதம் என்று போட்டிருக்கும். பொய்யில்லை. ஆனால் அது காய்ந்த நிலையில். யாரும் காய்ந்த உருண்டையைக் கடித்துச் சாப்பிடுவதில்லை. வெந்நீரில் ஊறினால் தன் எடையைப்போல இரண்டு மடங்கு தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அப்போது 100 கிராமில் புரதம் 17 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். டின் காய்கறியோ ஏற்கெனவே வெந்து, தண்ணீர் குடித்து உட்கார்ந்திருக்கிறது. ஒன்றின் காய்ந்த எடையையும் இன்னொன்றின் ஈர எடையையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்குமாகத் தெரியத்தான் செய்யும். ஒரு வேளைக்கு உண்மையில் தட்டில் விழும் அளவை வைத்துப் பார்ப்பதுதான் நியாயம். ஒரு ஆளுக்குக் காய்ந்த சோயா 30 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் புரதம் சுமார் 15 கிராம், நார்ச்சத்து 4, 5 கிராம், கலோரி 100 சொச்சம். கொழுப்பு கிட்டத்தட்ட இல்லை, ஏனென்றால் சோயாவிலிருந்து எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் மாவில்தான் அது செய்யப்படுகிறது.

அதே 15 கிராம் புரதம் டின் காய்கறியில் வேண்டுமென்றால்? டின் கேரட்டில் 100 கிராமுக்குப் புரதம் 0.6 கிராம். அப்படியானால் இரண்டரைக் கிலோ கேரட் தின்ன வேண்டும். பச்சை பீன்ஸ் என்றால் ஒன்றேகால் கிலோவுக்கு மேல். பச்சைப் பட்டாணி மட்டும் கொஞ்சம் கை கொடுக்கும்: 100 கிராமுக்கு 4.4 கிராம். 340 கிராம் பட்டாணியில் கணக்கு நேராகிவிடும், ஆனால் உப்புப் போட்ட டின்னாக இருந்தால் கூடவே 800, 900 மில்லிகிராம் சோடியமும் வந்து சேரும். ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். புரதத்துக்காக டின் காய்கறியை நம்புவது வேலைக்கு ஆகாது என்று இதோடு முடித்துக்கொள்ளலாம்.

மாற்று இறைச்சி என்பது ஒரே பொருள் இல்லை என்பதுதான் பெரிய சிக்கல். அந்தப் பெயருக்குக் கீழே ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து பொருள்கள் இருக்கின்றன. கெட்டி டோஃபு சோயாப் பாலை உறைய வைத்தது. கால்சியம் சல்பேட் போட்டு உறைய வைத்ததாக இருந்தால் 100 கிராமில் 17 கிராம் வரை புரதம், 600 மில்லிகிராமைத் தாண்டிய கால்சியம். உறைய வைக்க மக்னீசியம் உப்பைப் பயன்படுத்தியிருந்தால் இந்தக் கால்சியம் கணக்கு அப்படியே சரிந்துவிடும். டெம்பே முழுச் சோயாவைப் புளிக்க வைத்தது. சுமார் 20 கிராம் புரதம், நாரும் போகவில்லை, புளிக்கும்போது தாதுக்களைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைட்டேட்டும் ஓரளவு குறைகிறது. இந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது இதுதான், வாசனை பழகச் சில நாள் ஆகும் என்றாலும். பூஞ்சையிலிருந்து எடுக்கும் மைக்கோபுரோட்டீன் பிரிட்டனில் 1985 இல் விற்பனைக்கு வந்தது. 100 கிராமுக்குப் புரதம் 11 கிராம், நார்ச்சத்து 6 கிராம், கலோரி 85. மெலிய நினைப்பவர்களுக்கு இதைவிடத் தோதான மாற்று இறைச்சி சொல்வது கஷ்டம்.

கோதுமைப் புரதத்தில் செய்யும் சைட்டான் விஷயத்தில் மட்டும் லேபிள் எண்ணைப் பார்த்து மயங்கக் கூடாது. 20 கிராமுக்கு மேல் புரதம் என்று போட்டிருக்கும், பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் உடம்பு தானாகத் தயாரிக்க முடியாத அமினோ அமிலங்களில் ஒன்றான லைசின் அதில் மிகக் குறைவு. புரதத்தின் தரத்துக்கு மதிப்பெண் போடும் ஒரு முறை 1991 முதல் புழக்கத்தில் இருக்கிறது. உச்ச மதிப்பெண் 1. பிரித்தெடுத்த சோயாப் புரதம் அதில் 1 ஐ ஒட்டி வரும். கோதுமை குளூட்டன் வாங்குவது 0.25 தான். அதற்காகச் சைட்டானை ஒதுக்கி வைக்க வேண்டாம். அதே நாளில் ஏதாவது பருப்போ பயறோ சாப்பிட்டால் லைசின் குறை நிரம்பிவிடும். குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிகள் மட்டும் பக்கத்திலேயே போகக் கூடாது.

அப்புறம் பர்கர் பேட்டி (பர்கர் ரொட்டிக்கு நடுவில் வைக்கும் வட்டமான துண்டு), சாஸேஜ், நக்கெட் வகைகள். மாற்று இறைச்சி என்றதும் பலர் மனதில் வருவது இவைதான், நான் அதிகம் சந்தேகப்படுவதும் இவற்றைத்தான். பிரித்தெடுத்த புரதம், எண்ணெய், ஸ்டார்ச், கெட்டிப்படுத்தும் பொருள், மணம், நிறம் என்று ஒரு நீளமான சேர்ப்புப் பட்டியல். இம்பாசிபிள் பர்கர் என்ற அமெரிக்கத் தாவர இறைச்சித் தயாரிப்பின் 2019 வடிவத்தை எடுத்துக்கொள்வோம். 113 கிராம் பேட்டியில் 19 கிராம் புரதம், நன்றாகத்தான் இருக்கிறது. கூடவே நிறைவுற்ற கொழுப்பு 8 கிராம், பெரும்பாலும் தேங்காய் எண்ணெய் வழியாக. நாள் முழுவதற்கும் 2000 கலோரி சாப்பிடுபவருக்கு நிறைவுற்ற கொழுப்பின் மேல்வரம்பு 22 கிராம் போல வரும்; ஒரே பேட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீர்ந்துவிடுகிறது. சோடியம் 370 மில்லிகிராம். ரொட்டியும் சாஸும் சேர்வதற்கு முன்னால் உள்ள கணக்கு இது. மறுபக்கம், அதில் பி12 வைட்டமினும் இரும்பும் சேர்த்திருக்கிறார்கள். செடிகொடியிலிருந்து பி12 கிடைக்காது என்பதால் இறைச்சி, முட்டை, பால் எதுவுமே தொடாதவருக்கு இது பெரிய விஷயம். ஆனால் எல்லாத் தயாரிப்பிலும் சேர்ப்பதில்லை; சாதாரண டோஃபுவிலும் மீல்மேக்கரிலும் பெரும்பாலும் இருக்காது.

இந்தப் பேட்டிகளுக்கு ஆதரவாக அடிக்கடி காட்டப்படும் ஒரு ஆய்வு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நடந்து 2020 இல் வெளியானது. 36 பேர், எட்டு வாரம் தாவர இறைச்சி, எட்டு வாரம் விலங்கிறைச்சி. தாவர இறைச்சி சாப்பிட்ட வாரங்களில் கெட்ட கொழுப்பு என்கிற எல்டிஎல் குறைந்தது, எடையும் ஒரு கிலோ போலக் குறைந்தது. செலவுக்குப் பணம் கொடுத்தது தாவர இறைச்சி தயாரிக்கும் பியாண்ட் மீட் நிறுவனம் என்பதை ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள். அதை விட்டுவிடுவோம். அந்த ஆய்வு எதை எதோடு ஒப்பிட்டது என்று பார்க்க வேண்டும். இறைச்சிக்குப் பதிலாகப் பேட்டி வைத்தார்கள். காய்கறிக்குப் பதிலாகப் பேட்டி வைக்கவில்லை. ஒரு கிண்ணம் காய்கறியைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் பேட்டியை வைப்பவர் அந்த முடிவைத் தனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

சரி, டின் காய்கறிக்கு வருவோம். இதற்கு ஊரெல்லாம் கெட்ட பெயர். 'சத்தெல்லாம் போய்விட்டது, வெறும் சக்கை' என்பார்கள். பாதி உண்மை.

உணவைக் காற்றுப் புகாமல் அடைத்துச் சூடாக்கிப் பாதுகாக்கும் வழியைக் கண்டுபிடித்ததற்காக நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சுக்காரருக்கு 1810 இல் அவருடைய அரசு 12,000 ஃபிராங்க் கொடுத்தது. அவர் பயன்படுத்தியது கண்ணாடிப் பாட்டில். தகர டின்னுக்கான காப்புரிமையை அதே ஆண்டு பிரிட்டனில் பீட்டர் டுராண்ட் வாங்கினார். ஏன் கெடாமல் இருக்கிறது என்பது அப்போது இருவருக்குமே தெரியாது. கிருமிதான் காரணம் என்று பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் விளக்கியது பல பத்தாண்டுகள் கழித்து. இன்றைக்குப் பட்டாணி, பீன்ஸ், சோளம் போன்ற புளிப்பில்லாத காய்களை டின்னோடு 121 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குகிறார்கள். சாதாரணக் கொதிநிலையில் சாகாத போட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சேற்றத்தை உண்டாக்கும் கிருமியின் வித்துகளை ஒழிக்க அவ்வளவு சூடு தேவை. அந்தச் சூட்டுக்குத்தான் சத்து விலை கொடுக்கிறது. வைட்டமின் சியும், பி1 என்கிற தயமினும் சூட்டில் அழிகின்றன. இன்னொரு பி வைட்டமினான ஃபோலேட்டும் பொட்டாசியமும் ஓரளவு டின்னில் உள்ள தண்ணீருக்குள் இறங்கிவிடுகின்றன.

ஆனால் இந்தக் கணக்கைப் போடுபவர்கள் ஒரு தப்பு செய்கிறார்கள். டின் பட்டாணியைப் பச்சையாக இருக்கும் பட்டாணியோடு ஒப்பிடுகிறார்கள். பச்சையில் 100 கிராமுக்கு வைட்டமின் சி 40 மில்லிகிராம். டின்னில் 10 கூட இல்லை. பார்த்தால் முக்கால்வாசி போய்விட்டது. ஆனால் நாம் பட்டாணியை வேகவைத்துத்தானே சாப்பிடுகிறோம்? வீட்டில் தண்ணீரில் வேகவைத்த பட்டாணியில் மிஞ்சுவது 14 தான். 14க்கும் 10க்கும் உள்ள இடைவெளிதான் டின்னின் உண்மையான குற்றம். டின் ஏற்கெனவே சமைத்த உணவு. அதைச் சமைத்த உணவோடுதான் ஒப்பிட வேண்டும். இன்னொன்று, அடைத்த பிறகு மாதக்கணக்கில் அலமாரியில் இருந்தாலும் அதற்கு மேல் இழப்பு சொற்பம். பறித்த காய் பல நாள் பயணம் செய்து, குளிர்பெட்டியில் இன்னொரு வாரம் வாடி, அப்புறம் அடுப்புக்கு வரும்போது எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று யாரும் லேபிள் ஒட்டுவதில்லை.

சூட்டுக்கு அசையாத சத்துகளும் உண்டு. டின் கேரட் 100 கிராமில் சுமார் 560 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது 700 முதல் 900 வரை. பாதிக்கு மேல் ஒரே கையளவில் வந்துவிடுகிறது. டின் கீரையில் வைட்டமின் ஏயோடு ஃபோலேட்டும் 100 மைக்ரோகிராமை ஒட்டி இருக்கிறது. தக்காளி ஒருபடி மேலே: அதன் சிவப்புக்குக் காரணமான லைக்கோபீன், சூடுபட்டுச் செல் உடைந்த பிறகுதான் உடம்பில் நன்றாகச் சேர்கிறது. புளிப்பு உள்ள காய் என்பதால் தக்காளிக்கு அவ்வளவு கடுமையான சூடும் தேவைப்படுவதில்லை. டின் காய்கறிகளில் ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் தக்காளியைத்தான் வைத்துக்கொள்வேன். நார்ச்சத்து எல்லாவற்றிலும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஒன்று மட்டும்: வைட்டமின் ஏ, லைக்கோபீன் இரண்டுக்குமே கொழுப்பு தேவை, டின் காய்கறியில் கொழுப்பு சுத்தமாக இல்லை. ஒரு ஸ்பூன் எண்ணெயாவது சேர்க்காமல் வெறுமனே சாப்பிட்டால் பாதிப் பலன் வீண்.

உப்பு விஷயத்தில் இரண்டுமே குற்றவாளிகள்தான், ஆனால் ஒன்றைத் திருத்தலாம், இன்னொன்றைத் திருத்த முடியாது. டின் காய்கறியில் 100 கிராமுக்குச் சோடியம் 200 முதல் 350 மில்லிகிராம் வரை இருக்கும். அந்த உப்பு பெரும்பாலும் தண்ணீரில்தான் இருக்கிறது. டின் பீன்ஸ் பயறுகளை வைத்துச் செய்த ஒரு ஆய்வில், தண்ணீரை வடித்தாலே சோடியம் 36 விழுக்காடு குறைந்தது. வடித்து அலசியபோது 41 விழுக்காடு. உப்புச் சேர்க்காத டின் வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை. பேட்டியிலும் சாஸேஜிலும் உப்பு மாவோடு மாவாகப் பிசைந்திருக்கிறது. குழாயடியில் பிடித்துக் கழுவவா முடியும்? மீல்மேக்கரும் டோஃபுவும் இந்த வழக்கில் சேராது. அவற்றில் இயற்கையாக உள்ள சோடியம் மிகக் குறைவு. எவ்வளவு உப்பு என்பது சமைப்பவர் கையில்.

அலசினால் நீரில் கரைந்த ஃபோலேட்டும் பொட்டாசியமும் கூடவே போய்விடாதா என்று கேட்கலாம். போகும்தான். ரத்த அழுத்தம் இருப்பவர் அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் கருத்து. உப்பில்லாத டின்னாக இருந்தால் தண்ணீரைக் கொட்டாமல் சமையலிலேயே ஊற்றிவிடலாம். சிறுநீரகக் கோளாறு காரணமாகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு வடித்து அலசிய டின் காய் தோதாகக்கூட இருக்கும். அவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத்தான் கேட்க வேண்டும், என்னை அல்ல.

பதப்படுத்திய அளவை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் மொன்டேரோ குழு உருவாக்கிய நோவா முறை உணவுகளை நான்கு பிரிவாகப் பிரிக்கிறது. உப்புத் தண்ணீரில் அடைத்த காய்கறி மூன்றாவது பிரிவு. பேட்டி வகைகள் நான்காவது, அதாவது அதிதீவிரமாகப் பதப்படுத்தியவை. பிரிவு எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் டின்தான் ஜெயிக்கிறது. எனக்கு இதில் அரை மனசு. நார்ச்சத்து நிறைந்த மைக்கோபுரோட்டீனையும் கொழுப்பு வழியும் சாஸேஜையும் ஒரே கூடையில் போடும் முறை, கடையில் நிற்கும் ஆளுக்குப் பெரிதாக உதவாது. பேட்டியின் நிறைவுற்ற கொழுப்பும் சோடியமும் லேபிளிலேயே இருக்கின்றன. அவை இரண்டும் போதும்.

இப்போது இவை ஒன்றுக்கொன்று இல்லாததைப் பார்க்க வேண்டும். சோயாவில் வைட்டமின் சி இல்லை, ஏ இல்லை. டின் காயில் புரதம் சொற்பம். சோயாவில் இரும்பு இருக்கிறது: 30 கிராம் காய்ந்த உருண்டையில் இரண்டரை மில்லிகிராமுக்குக் குறையாது. ஆனால் தாவர இரும்பு சுலபமாக உடம்பில் சேராது, ஃபைட்டேட் வேறு குறுக்கே நிற்கும். அதே வேளையில் வைட்டமின் சி இருந்தால் இரும்பு சேர்வது கூடும். டின் தக்காளியில் 100 கிராமுக்குச் சுமார் 10 மில்லிகிராம் சி. அதிகமில்லை, ஆனால் தாராளமாக ஊற்றலாமே.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. யாரும் அதற்குக் கூட்டம் சேர்ப்பதில்லை. டின்னில் அடைத்த கொண்டைக்கடலையும் ராஜ்மாவும். காய்கறி டின்னோடு ஒரே அடுக்கில் கிடப்பதால் கணக்கில் தப்பிவிடுகின்றன. வடித்த கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 7 கிராம் புரதம், 6 கிராம் நார். 200 கிராம் சாப்பிட்டால் மீல்மேக்கர் அளவுக்குப் புரதம் வந்துவிடும், கலோரி மட்டும் இரண்டு மடங்குக்கு மேல். சேர்ப்புப் பட்டியலில் கடலை, தண்ணீர், உப்பு. ஓடியாடி வேலை செய்பவருக்கு, வளரும் பிள்ளைகளுக்கு அந்தக் கூடுதல் கலோரி நல்லதுதான். பேட்டியா டின் காய்கறியா என்று குழம்பி நிற்கும் ஒருவரின் கையில் நான் முதலில் கொடுப்பது இந்த டின்னைத்தான்.

மற்றபடி, தட்டில் ஏற்கெனவே பயறும் பாலும் முட்டையும் இருக்கிறவருக்குப் புரதம் பெரும்பாலும் போதுமானதாகவே இருக்கும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 50 கிராம் போலத்தான் தேவை. அவர் மாற்று இறைச்சிக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. காய்கறி குறைந்தால் டின்னைத் திறக்கட்டும். இறைச்சியை விட்டுவிட்டு அந்த இடத்தைத் தானியத்தால் மட்டும் நிரப்பிக்கொண்டிருப்பவர் டோஃபு, டெம்பே, மீல்மேக்கர் பக்கம் வர வேண்டும். மெல்லச் சிரமப்படும் வயதானவர்களுக்கு மிருதுவான டோஃபுவும் டின் கேரட்டும் இரண்டுமே ஒத்துவரும். பேட்டியை இறைச்சி பர்கருக்கு ஏங்கும் நாளுக்கென்று வைத்துக்கொள்ளலாம், தினப்படிக்கு வேண்டாம். பலாப்பிஞ்சை வாங்குங்கள், ருசியாக இருக்கும், ஆனால் காய்கறிக் கணக்கில் எழுதுங்கள். டின் எதுவானாலும் உப்பியிருந்தால் திறந்து முகர்ந்துகூடப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள்.

நேரமில்லாத இரவுகளில் நான் செய்வது இவ்வளவுதான்: 30 கிராம் மீல்மேக்கரை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, 200 கிராம் டின் தக்காளியில் கொதிக்கவிட்டு, அலசிய டின் பட்டாணி 100 கிராம் போட்டு, இரண்டு ஸ்பூன் எண்ணெய் ஊற்றி இறக்குவது. புரதம் 20 கிராமைத் தாண்டிவிடும், நார்ச்சத்து 10 கிராமைத் தாண்டிவிடும், லைக்கோபீனுக்கு எண்ணெய் இருக்கிறது, இரும்புக்குத் தக்காளி இருக்கிறது. பி12 மட்டும் அதில் பூஜ்யம். அதை நான் செறிவூட்டிய சோயாப் பாலில் ஈடுகட்டிக்கொள்கிறேன்.